எலும்புக்கூடு இல்லாத வகுப்பறை

உங்கள் கழுத்தின் அடியில், நெஞ்சு தொடங்கும் இடத்தில், ஒரு சிறு குழி இருக்கிறது. அதில் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்து தோளை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். தோலுக்கு அடியில் ஓர் எலும்பு ஓடுவது விரலுக்குத் தெரியும். முதலில் முன்புறமாக வளைந்து, பிறகு பின்புறமாக வளைந்து, தோள்முனையில் போய் முடியும். அதுதான் காறை எலும்பு. என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் எல்லோரும் முதன்முதலில் பெயர் சொல்லித் தொட்ட எலும்பு இது.

எங்களிடம் எலும்புக்கூடு இல்லாததால் வந்த பழக்கம் அது. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது நான் ஆசிரியையாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கராயன் பக்கத்தில் ஒரு காணிக்குள், மர நிழலிலும் கிடுகுக் கொட்டகையிலுமாக எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைப்போம். மழை வந்தால் அன்றைய பாடம் முடிந்தது. பொருளாதாரத் தடைக் காலம் வேறு. மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்துமே வவுனியாவைத் தாண்டி வராத நேரத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு எங்கிருந்து வரும்? பழைய பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு விளக்கப்படம் தொங்கியது. அதைச் சுருட்டி எடுத்துவர ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு சனம் ஓடிய நாள் அது.

ஒன்பதாம் தரத்துக்கு வன்கூட்டுத் தொகுதி படிப்பிக்க வேண்டிய நாள் வந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். வெண்கட்டியோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: முப்பத்தெட்டு எலும்புக்கூடுகள் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. என்னோடு சேர்த்தால் முப்பத்தொன்பது. அன்றைக்கு எல்லோரும் சட்டைக் கழுத்துக்கு மேலே காறை எலும்பைத் தேடினோம். மெலிந்த பிள்ளைகள். தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பாடப்புத்தகம் என்பு என்று சொல்லும், பிள்ளைகள் எலும்பு என்பார்கள். பரீட்சைத்தாளில் முதலாவதை எழுதுங்கள், கைவைத்துப் பார்க்கும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள் என்றேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் கிழமை முழுவதும் எண்ணுவதிலேயே போனது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. பெருவிரலில் இரண்டு, மற்ற விரல்களில் மும்மூன்று. ஒரு பாதத்தில் 26. இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் கூட்டினால் 106 வருகிறது. வளர்ந்த மனிதருக்கு மொத்தம் 206 எலும்புகள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் பாதிக்கு மேற்பட்டவை இந்த நான்கு நுனிகளில்தான் இருக்கின்றனவா என்று பிள்ளைகள் நம்பாமல் கேட்டார்கள். மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். அதே கணக்குத்தான் வந்தது. நெல்மணியைப் பொறுக்குகிற விரலும், வரம்பில் வழுக்காமல் நடக்கிற பாதமும் இத்தனை சிறு துண்டுகள் சேராமல் அமையாது.

முள்ளந்தண்டை எண்ண ஒருவன் குனிய வேண்டும், மற்றவன் மேலிருந்து விரலை ஓட்ட வேண்டும். கழுத்து முடிகிற இடத்தில் துருத்திக்கொண்டு நிற்பது ஏழாவது முள்ளெலும்பு. அங்கிருந்து விலா எலும்புகளைத் தாங்குகிறவை பன்னிரண்டு. அதற்குக் கீழே, உடம்பின் பாரத்தைச் சுமக்கிற தடித்தவை ஐந்து. அதற்கும் கீழே திருவெலும்பில் ஐந்தும் வாலெலும்பில் நான்கும் வயதோடு ஒட்டி ஒன்றாகிவிடுவதால் எண்ண முடியாது. பிறக்கும்போது ஏறக்குறைய முந்நூறு துண்டுகளாக இருந்த உடம்பு 206இல் வந்து நிற்பதும் இப்படித்தான். ஒன்றும் தொலைவதில்லை. ஒட்டிக்கொள்கின்றன.

விலா எண்ணும்போது ஒரு பையன் எழுந்து நின்றான். வேதக்காரப் பிள்ளை. ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நானும் சிறுவயதில் கேட்ட கதைதான். பொடியன்கள் ஒருபக்கமும் பெண்பிள்ளைகள் ஒருபக்கமுமாக அவரவர் விலாவை எண்ணினார்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு சோடி. மேலே ஏழு சோடி நெஞ்செலும்பில் நேராக வந்து சேர்கின்றன. அடுத்த மூன்று, மேலே இருப்பவற்றின் கசியிழையத்தில், அதாவது குருத்தெலும்பில், தொற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டு முன்பக்கம் எதையும் தொடாமல் நின்றுவிடுகின்றன. அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவின் விலாவையும் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வந்து சொன்னான். நான் விரும்பிய மாணவன் அப்படிப்பட்டவன்தான்.

விரலால் தொடமுடியாத எலும்புகளும் இருக்கின்றன. காதுக்குள்ளே சம்மட்டி, பட்டடை, அங்கவடி என்று மூன்று. அங்கவடிதான் உடம்பிலேயே சிறியது, மூன்று மில்லிமீற்றர் அளவு. செவிப்பறையில் மோதுகிற ஒலியை இந்த மூன்றும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உள்காதுக்குக் கொடுக்கின்றன. எறிகணை பக்கத்தில் வெடித்தால் செவிப்பறை கிழியும், சிலவேளை இந்தச் சங்கிலியும் கழன்றுவிடும். எங்கள் வகுப்புகளில் எப்போதும் ஓரிரு பிள்ளைகள் முன்வரிசையில், தலையை ஒருபக்கம் சாய்த்தபடி இருந்தார்கள். ஏனென்று நான் கேட்டதில்லை. குரலை உயர்த்திப் படிப்பித்தேன்.

எண்ணி முடித்தபின் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. பிள்ளைகள் எலும்பைக் கல்லைப் போன்ற ஒன்றாக நினைத்திருந்தார்கள். இறைச்சியும் இரத்தமும் உயிருள்ளவை, எலும்பு அவற்றைத் தாங்குகிற செத்த கம்பு என்பது அவர்கள் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எலும்பை அவர்கள் கண்ணால் கண்டதெல்லாம் உயிர் போன பிறகுதானே. காட்டோரம் கிடக்கிற மாட்டெலும்பு, சுடலையில் சாம்பல் பொறுக்கும்போது கண்டது, வேறு சில இடங்களில் பிள்ளைகள் காணக்கூடாமல் கண்டது. இந்த ஒரு எண்ணத்தை மாற்றத்தான் பிறகு எத்தனையோ வருடம் பாடுபட்டேன்.

அதற்கு உதவியது இரண்டு கோழிக்கால் எலும்பும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும். பனங்கள் புளித்து எடுத்த வினாகிரியை ஒரு வீட்டில் கேட்டு வாங்கினோம். ஓர் எலும்பைச் சுத்தமாகச் சுரண்டி அதற்குள் போட்டு மூடினோம். உடனேயே சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. மற்ற எலும்பை அடுப்புத் தணலுக்குள் புதைத்தோம். நடுவில் ஒருமுறை வினாகிரியை மாற்றினோம். ஒரு கிழமை கழிந்து போத்தலைத் திறந்தபோது உள்ளே இருந்தது வடிவத்தில் எலும்புதான், ஆனால் வளைத்தால் வளைந்தது. ஒரு பிள்ளை அதை நூலைப் போல முடிச்சுப் போட்டுக் காட்டினாள். தணலில் வெந்த எலும்பு வெள்ளைவெளேரென்று, பழைய உருவம் கொஞ்சமும் மாறாமல் இருந்தது. அதை இரண்டு விரலால் அழுத்தினேன். மாவாகி உதிர்ந்தது.

வினாகிரி கரைத்துக்கொண்டு போனது கல்சியமும் பொஸ்பரசும் சேர்ந்த உப்பை. நெருப்பு தின்றுவிட்டுப் போனது கொலாஜன் என்கிற புரத நாரை. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி நார். வன்னிப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. அவர்கள் வீட்டுச் சுவரே போதும். வரிச்சுக் கட்டி மண் வைத்த சுவர். வரிச்சை மட்டும் விட்டால் காற்றுக்கு ஆடும், மண்ணை மட்டும் குவித்தால் வெடித்து விழும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கூரையைத் தாங்கும். குழந்தைகளின் எலும்பு வளைந்து கொடுக்கும், வயதானவர்களின் எலும்பு சட்டென்று முறியும். சிறுபிள்ளை கையை ஊன்றி விழுந்தால் எலும்பு முழுவதாக முறியாமல் ஒருபக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்பது உண்டு. பச்சைக் கொப்பை ஒடித்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். மருத்துவர்களும் அதைப் பச்சைக் கொப்பின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

என் இடக்கை அப்படி முறிந்தது. ஒன்பது வயதில், பாலைப்பழக் காலத்தில். அண்ணன்மார் மேலே ஏறி உலுப்ப, கீழே நின்று பொறுக்கச் சொன்னார்கள். நான் ஏறினேன். விழுந்து எழும்பியபோது முன்கை வளைந்திருந்தது. அப்பு என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி முறிவு நெறிவு பார்க்கிற பரியாரியாரிடம் கொண்டுபோனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவித் தடவிப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. எக்ஸ்றே இல்லாத காலத்து மனிதர், விரலால் பார்த்தார். உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். உள்ளே பிள்ளையார் வேலை செய்துகொண்டிருக்கிறார், கையை ஆட்டிக் குழப்பாதே என்றார். நான் ஆறு கிழமையும் ஆட்டவில்லை.

உள்ளே நடந்த வேலை என்னவென்று பல வருடங்கள் கழித்துப் படித்தேன். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து கட்டியாகிறது. சில நாட்களுக்குள் அந்தக் கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. அடுத்த இரண்டு மூன்று கிழமைகளில் நாரும் கசியிழையமும் சேர்ந்து மெத்தென்ற ஒரு பாலத்தை இரண்டு முனைகளுக்கும் நடுவில் போடுகின்றன. பிறகு அந்தப் பாலத்தில் உப்பு படிந்து கடினமாகிறது. கட்டை அவிழ்த்தபோது முன்கையில் தடித்துத் தெரிந்த முண்டு அதுதான். தோலில் வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். எலும்பு தழும்பால் ஒட்டுவதில்லை, எலும்பாகவே மறுபடி வளர்கிறது. தழும்பின்றித் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கிற இழையங்கள் நம் உடம்பில் மிகக் குறைவு.

முண்டும் நிலைக்கவில்லை. கரைத்துச் செப்பனிடும் வேலை மாதக்கணக்காக, வருடக்கணக்காகத் தொடர்ந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் மணிக்கட்டு வலிக்காக எக்ஸ்றே எடுத்தபோது, சிறுவயதில் இந்தக் கை முறிந்தது என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எந்தத் தடமும் இல்லை அம்மா, நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்றார்.

இந்தச் செப்பனிடும் வேலை முறிந்த எலும்பில் மட்டும் நடப்பதாக நினைக்கக்கூடாது. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் எலும்புகளில் இலட்சக்கணக்கான இடங்களில் ஒருவகைக் கலங்கள், அதாவது உயிரணுக்கள், பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கின்றன. பின்னாலேயே வேறொருவகைக் கலங்கள் வந்து அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. நிரப்பியவற்றில் சில, தாம் கட்டிய சுவருக்குள்ளேயே அகப்பட்டு அங்கேயே வாழத் தொடங்குகின்றன. மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்களூடாக ஒன்றையொன்று தொட்டபடி, எங்கே பாரம் கூடுகிறது எங்கே குறைகிறது என்று உணர்ந்து சொல்வது அவைதான். வளர்ந்த ஒருவரின் எலும்பில் வருடத்துக்குப் பத்து வீதம் அளவில் இப்படிப் புதிதாகிறது. கிட்டத்தட்டப் பத்து வருடத்தில் பழைய எலும்புக்கூடு போய்ப் புதியது வந்துவிடுகிறது. முள்ளிவாய்க்காலிலிருந்து நான் கொண்டுவந்த எலும்புகளில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சந்தான்.

பாரத்தைப் பார்த்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும் இந்தக் குணத்தை 1892இல் ஒரு நூலாக எழுதியவர் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவருக்கு முன்னரே, 1860களில், சூரிச்சில் ஓர் அழகான சந்திப்பு நடந்தது. ஹெர்மன் வொன் மேயர் என்ற உடற்கூற்றியலாளர் தொடை எலும்பின் தலையை நீளவாக்கில் அரிந்து வைத்திருந்தார். அதன் உட்புறம் கடற்பஞ்சு போல இருக்கும். அந்தப் பஞ்சின் இழைகள் ஒழுங்கில்லாமல் கிடக்கவில்லை, வளைந்த கோடுகளாக ஓடின. கார்ல் குல்மன் என்ற பொறியியலாளர் அதைப் பார்த்தார். பாரந்தூக்கியின் வளைந்த கையில் அமுக்கமும் இழுவையும் எந்தெந்தக் கோடுகளில் ஓடும் என்று அவர் கணக்குப் போட்டு வரைந்தாரோ, அதே கோடுகள் எலும்புக்குள் இருந்தன. பொறியியலாளர் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த இடத்தில் எலும்பு முன்னமே நின்றிருந்தது.

எங்கள் வீட்டுக் கூரைக்குக் கைமரம் ஏற்றிய தச்சர், எங்கே பாரம் இறங்கும் என்று பார்த்துப் பார்த்து வளையையும் கைமரத்தையும் வைத்தார், பாரம் இறங்காத இடத்தில் ஒரு சலாகைகூட வீணாக்கவில்லை. எலும்பும் அதே சிக்கனக்காரன். தொடை எலும்பின் நடுத்தண்டு குழாயாக இருப்பதும் அந்தச் சிக்கனத்தால்தான். வளைக்கும் விசை ஒரு தண்டின் வெளிவிளிம்பைத்தான் கூடுதலாகத் தாக்கும், நடுவில் அதற்கு வேலையில்லை. ஆகவே அதே அளவு பொருளைக் குழாயாக வெளியே பரப்பினால் பலம் கூடும். சைக்கிள் பாரை நிறைகம்பியாகச் செய்திருந்தால், நெல் மூடையையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இந்த மண் வீதிகளில் யாரால் உழக்க முடிந்திருக்கும்?

பாரம் இல்லாவிட்டால் எலும்பு தன்னைக் குறைத்துக்கொள்கிறது. விண்வெளியில் மாதக்கணக்காக மிதக்கிற வீரர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு வீதம், ஒன்றரை வீதம் என்று குறைகிறது. அத்தனை உயரம் போகத் தேவையில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கும், ஒரு காலைத் தூக்கியபடி நெடுநாள் ஊன்றுகோலில் நடப்பவர்களுக்கும் அதே கதைதான்.

குழாய்க்குள்ளே இருக்கிற வெற்றிடமும் வீணாகவில்லை. அங்கே மச்சை இருக்கிறது, எலும்பு மஜ்ஜை என்றும் சொல்வார்கள். வளர்ந்தவர்களுக்கு நீண்ட எலும்புத் தண்டுக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மச்சை. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முள்ளெலும்பு, விலா ஆகியவற்றில் இருப்பது சிவப்பு மச்சை. நொடிக்கு இருபது இலட்சம் அளவில் செங்குருதிக் கலங்கள் பிறக்கிற இடம் அது. செத்த கம்பு என்று நினைத்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

கொம்பறை என்ற சொல் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மண் பூசிய பெரிய கூடு, காலபோக நெல்லை அடைத்து வைக்கிற இடம். விளைச்சல் நல்லதென்றால் கொம்பறை நிரம்பும், மழை பொய்த்தால் அதிலிருந்து எடுத்துச் சமாளிப்பார்கள். உடம்புக்கு எலும்பு ஒரு கொம்பறை. நம்மிடம் இருக்கிற கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மிச்சம் ஒரு வீதம் இரத்தத்திலும் இழையங்களிலும். ஆனால் அந்த ஒரு வீதத்தால்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, இரத்தம் உறைகிறது. இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் குறைந்தாலும் கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் ஓர் ஓமோனை அனுப்புகின்றன, எலும்பு கரைந்து கொடுக்கிறது. இதயம் கேட்டால் எலும்பு மறுத்ததே இல்லை.

2009இன் முதல் மாதங்களில் எங்களில் பலருக்குக் கஞ்சிதான் சாப்பாடு. அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு. தறப்பாளுக்குள் என் பக்கத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளுக்குப் பால் வற்றவில்லை என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து சில மாதங்களில் மூன்று முதல் ஐந்து வீதம் வரை கனியுப்பு கரையும் என்று எனக்கு அப்போதே தெரியும். நன்றாகச் சாப்பிடுகிற தாய்மாருக்கே அப்படி. அவர்களுக்குப் பால் மறக்கச் செய்த பிறகு அது பெரும்பாலும் திரும்பி நிரம்பிவிடும். அவள் அன்றைக்கு எந்தக் கொம்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. என் பங்குக் கஞ்சியில் கொஞ்சம் அவளுக்கு ஊற்றினேன்.

அந்தக் கொம்பறை முப்பது வயதளவில்தான் மிகவும் நிரம்பி நிற்கும். பிறகு மெல்லக் குறையும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடுத்த சில வருடங்களில் வேகமாகக் குறையும். நாங்கள் எலும்புத் தேய்வு என்கிறோம். அந்தச் சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. செருப்பு தேய்வதுபோல உழைத்துத் தேய்கிற பொருள் அல்ல இது. கட்டுகிறவர்களைவிடக் கரைக்கிறவர்கள் முந்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். என் அம்மம்மா கடைசிக் காலத்தில் கூனிப் போனாள். வயல் வேலை செய்து முதுகு வளைந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அவளுடைய முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல், முன்பக்கம் நசுங்கியிருக்க வேண்டும். வயல் வேலைதான் அவளை அத்தனை வயது வரை நிமிர்த்தி வைத்திருந்தது. இதை வாசிக்கிற இளம் பெண்கள் கீரையும் நெத்தலியும் குரக்கனும் எள்ளும் சாப்பிடுங்கள், வெயிலில் நடங்கள், பாரம் தூக்குங்கள். ஆசிரியை புத்திமதி சொல்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மீள்குடியேறிய பின் எனக்குக் கிடைத்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். சிறுபிள்ளையாக இருந்தபோதே ஒரு கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. எலும்பு வளர்ச்சிப் பாடம் வந்த நாள் எனக்குக் கைநடுங்கியது. நீண்ட எலும்பு நடுவில் வளர்வதில்லை, இரண்டு முனைகளுக்கும் அருகில் இருக்கிற கசியிழையத் தட்டுகளில்தான் நீள்கிறது. இரண்டு முனைகளும் சமமாக வளர்வதுமில்லை. தொடை எலும்பு நீள்வதில் ஏறக்குறைய 70 வீதம் முழங்கால் பக்கத்துத் தட்டினால் நடக்கிறது. முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டால் அந்தத் தட்டும் போய்விடும். மற்றக் கால் வளர வளர, மிஞ்சிய தொடை பின்தங்கிக்கொண்டே போகும்.

அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அவளே கையை உயர்த்தினாள். தன் பொய்க்காலை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள், மிச்சக் கால் ஏன் மற்றதைப்போல நீளவில்லை என்று கேட்டாள். கரும்பலகையில் தொடை எலும்பை வரைந்து, தட்டுகளைக் குறித்து, கணக்கைச் சொன்னேன். வகுப்பு மூச்சு விடாமல் இருந்தது. அவள் கொப்பியில் கீறிக்கொண்டு, அப்படியென்றால் பிழை என்னுடையதில்லை, ரீச்சர் என்றாள். அதுவரைக்கும் அவள் தான் சரியாகச் சாப்பிடாததால் கால் வளரவில்லை என்று நினைத்திருந்தாள். வீட்டில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

பொய்க்கால் பற்றியும் அன்று பேசினோம். 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து இறப்பரில் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன்பிருந்த பொய்ப் பாதங்கள் சப்பாத்துப் போட்டு நடக்கிறவர்களுக்கானவை. ஜெய்ப்பூர்ப் பாதத்தோடு வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தி இருக்கலாம், சேற்று வயலுக்குள் இறங்கலாம். எங்கள் பக்கத்தில் மிதிவெடியில் கால் இழந்த எத்தனையோ பேரை அது வரம்புக்குத் திருப்பி அனுப்பியது.

இனி, இதை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அடுத்த வருடம் ஜூலை வரை கட்டம் கட்டமாக நடந்த அகழ்வில் 52 பேருடைய எலும்புக்கூட்டுத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அந்த நாட்களில் எங்கள் ஊரில் யார் வீட்டு முற்றத்துக்குப் போனாலும் எலும்பைப் பற்றித்தான் பேச்சு. முப்பது வருடம் படிப்பித்த பாடம் திடீரென்று எல்லோருக்கும் தேவைப்பட்டது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா ஒருநாள் மாலை வந்தார். எழுபதைத் தாண்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய மகன் தொலைந்தான். பத்தொன்பது வயது. பிள்ளை, நீ எலும்புப் பாடம் படிப்பிக்கிறவள், எலும்பைப் பார்த்து வயது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்று சொன்னேன். அவரைக் கதிரையில் இருத்தி, அவருடைய விரலைப் பிடித்து, அவருடைய கழுத்துக் குழியில் வைத்தேன். இந்தக் காறை எலும்புதான் தாயின் வயிற்றில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது, கரு உண்டாகி ஐந்தாறு கிழமையில். கடைசியாக முடிவதும் இதுதான். நெஞ்சோடு சேர்கிற இந்த முனை மற்ற எலும்புகள் எல்லாம் வளர்ந்து ஓய்ந்த பிறகும் திறந்தே இருக்கும், இருபதுகளின் நடுவிலோ இறுதியிலோதான் முழுவதாக ஒட்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஒட்டி முடிந்திருக்காது. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம், தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம், பல்லிலும் எலும்பிலும் மரபணு எடுத்துத் தாயினுடையதோடு ஒப்பிடலாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். விரலை மட்டும் கழுத்துக் குழியிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு அவர் முகம் தெளிந்தது. அப்படியென்றால் கண்டுபிடித்துவிடலாம் பிள்ளை, அவனுக்கு ஏழு வயதில் வலக்கை முறிந்தது, இந்த இடத்தில் என்று தன் முன்கையைத் தொட்டுக் காட்டினார். பரியாரியார்தான் கட்டினார், முறிந்த கை அடையாளம் இருக்கும்தானே என்றார்.

என் இடக்கை என் மடியில் கிடந்தது. ஏழு வயதில் முறிந்த எலும்பு பத்தொன்பது வயதுக்குள் என்ன செய்திருக்கும் என்று நான் இருபத்தைந்து வருடமாக வகுப்புகளில் சந்தோஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

கை கோணலாக ஒட்டியதா அம்மா என்று கேட்டேன்.

இல்லைப் பிள்ளை, என்றார் அவர். வடிவாக ஒட்டியது. முறிந்த கையென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.